ஹோஸ்டிங் வாங்கும் முன்: மட்டக்களப்பு, அம்பாறையில் முதல் இணையத்தளம் தொடங்குவோருக்கு

அறுகம்பேயில் ஆறு அறை விடுதி நடத்துபவருக்கும், காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருப்பவருக்கும், மட்டக்களப்பிலிருந்து தினமும் பத்துச் செய்தி போட நினைப்பவருக்கும் ஒரே ஹோஸ்டிங் சரிவராது. விடுதியின் பக்கத்தைத் திறப்பவர் ஐரோப்பாவில் இருந்து விடுமுறைக்கு இடம் தேடிக்கொண்டிருப்பார். துணிக்கடையைத் தேடுபவர் கல்முனையிலோ ஏறாவூரிலோ கையில் போனோடு நிற்பார். செய்தித் தளத்துக்கு ஊரிலும் வாசகர் உண்டு, கனடாவிலும் சுவிஸிலும் உண்டு.

ஆகவே விலைப் பக்கங்களைத் திறக்கும் முன் ஒரு தாளில் மூன்று விடயங்களை எழுதி வையுங்கள். தளத்தைத் திறக்கப் போகிறவர்கள் எந்த ஊரில், எந்த நாட்டில் இருக்கிறார்கள்? தளத்தில் என்ன இருக்கும்: நாலு பக்கமா, தினச் செய்தியா, பணம் செலுத்தும் கடையா? ஒரு வருடம் கழித்து அதைத் திறந்து திருத்தப் போகிறவர் யார்? கீழே வரும் ஒவ்வொரு முடிவும் இந்த மூன்றிலும்தான் தங்கியிருக்கிறது.

சொற்கள் இரண்டை மட்டும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். டொமைன் என்பது பெயர். ஹோஸ்டிங் என்பது உங்கள் கோப்புகளும், எழுதியவற்றைச் சேமிக்கும் டேட்டாபேஸும் இருக்கும் சேர்வரில், அதாவது எந்நேரமும் இணையத்தில் ஓடும் கணினியில், வாடகை இடம். இரண்டையும் ஒரே இடத்தில் வாங்கலாம். வாங்கியே ஆகவேண்டும் என்றில்லை. வேறு வேறாக வாங்கினால் பின்னால் பல சிக்கல்கள் குறையும்.

காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

நாலைந்து பக்கம், கொஞ்சம் படங்கள், வட்ஸ்அப் பொத்தான், வரைபடம். ஒரு கடையோ விடுதியோ விளையாட்டுக் கழகமோ கேட்பது பெரும்பாலும் இவ்வளவுதான். இதற்கு டேட்டாபேஸ் தேவையில்லை. சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களாகச் செய்து கிளவுட்ஃபிளேர் பேஜஸிலோ கிட்ஹப் பேஜஸிலோ இலவசமாகவே வைக்கலாம். கிட்ஹப் பேஜஸில் தளத்தின் அளவு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும்; மாதப் போக்குவரத்துக்கு 100 ஜிபி என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்; இணையக் கடை நடத்த அங்கே அனுமதி இல்லை. கிளவுட்ஃபிளேர் பேஜஸின் இலவசத் திட்டத்தில் ஒரு கோப்பு 25 எம்பியைத் தாண்டக் கூடாது, மொத்தம் 20,000 கோப்பு வரை வைக்கலாம். இரண்டிலும் சொந்த டொமைனை இணைக்கலாம். உங்கள் வருடச் செலவு டொமைன் கட்டணம் மட்டும்தான். ஹக் பண்ணப்படும் பயமும் மிகக் குறைவு, ஏனென்றால் உள்ளே நுழைய லோகின் பக்கமே கிடையாது.

ஒரே ஒரு நிபந்தனை: எழுத்தை மாற்ற, விலையைத் திருத்த, அந்தக் கோப்புகளைக் கையாளத் தெரிந்த ஒருவர் வீட்டிலோ கடையிலோ இருக்க வேண்டும். அப்படி ஆள் இல்லை, அல்லது தினமும் புதிதாக எழுத வேண்டும் என்றால், லோகின் பண்ணி உள்ளே போய் எழுதவும் திருத்தவும் விடும் வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள் ஒன்று தேவை. அதற்குத்தான் காசு கொடுத்து ஹோஸ்டிங். இனி வருவது பெரும்பாலும் அவர்களுக்கு.

டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும்

ஹோஸ்டிங் சரிவராவிட்டால் ஒரு நாளில் வேறிடம் மாறலாம். டொமைன் கைவிட்டுப் போனால் பெயரே போய்விடும். பேனரில், பில் புத்தகத்தில், கூகுளில், வாடிக்கையாளர் போனில் இருப்பது அந்தப் பெயர்தானே.

நம்மூரில் அடிக்கடி நடப்பது இது. தளம் செய்து தந்த தம்பி தன் மின்னஞ்சலில், தன் கணக்கில் டொமைனையும் பதிந்து விடுகிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவருக்கு அது சுலபம். இரண்டு வருடத்தில் அவர் கட்டாருக்கோ கனடாவுக்கோ போய்விடுகிறார், இலக்கம் மாறுகிறது. புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதங்கள் யாரும் திறக்காத ஒரு இன்பொக்ஸில் விழுகின்றன. ஒரு காலையில் தளம் இல்லை.

ஆகவே முதல் நாளே இவற்றைச் செய்யுங்கள். டொமைன் விற்கும் நிறுவனமான பதிவாளரிடம் கணக்கை நீங்களே திறந்து, உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ கொடுங்கள். தொடர்பு மின்னஞ்சலாக ஜிமெயில் போன்ற வெளி முகவரி ஒன்றைக் கொடுங்கள். அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுத்தால், டொமைன் காலாவதியாகும் நாளில் அந்த முகவரியும் செத்துவிடும். கடவுச்சொல்லை மீட்கும் கடிதம்கூட வந்து சேராது. டொட் கொம் போன்ற பெயர்களைப் பதிந்ததும் ஒரு உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வரும். அதிலுள்ள இணைப்பை 15 நாட்களுக்குள் அழுத்தாவிட்டால் பெயர் முடக்கப்படும். “புதுத் தளம் இரண்டு கிழமையில் நின்றுவிட்டது” என்று சொல்பவர்கள் முதலில் ஸ்பாம் பெட்டியைப் பார்க்க வேண்டியது இதற்காகத்தான். இரண்டு கட்ட உறுதிப்படுத்தலையும் அன்றைக்கே போட்டு விடுங்கள்.

செய்பவர் வேறொருவர் என்றால் அவருக்கு வேலை நடக்கும் வரைக்கும் அனுமதி கொடுங்கள்; வேலை முடிந்ததும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். நல்ல வேலைக்காரர் யாரும் இதற்குக் கோபிக்க மாட்டார்.

டொட் எல்கே பெயர் வேண்டுமானால் எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியிடம் எடுக்கலாம். பாடசாலைகளுக்கென்று டொட் எஸ்சிஎச் டொட் எல்கே தனியாக உண்டு. தமிழ் எழுத்திலேயே முடியும் டொட் இலங்கை பெயர்களும் உண்டு. ஊர் வாடிக்கையாளரை நம்பிய கடைக்கு டொட் எல்கே நல்ல அடையாளம். வெளிநாட்டு விருந்தினரை எதிர்பார்க்கும் விடுதி டொட் கொம் எடுத்தால் ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுக்கவும் நினைவில் வைக்கவும் இலகு.

காலாவதித் திகதியைச் சுவர்க் கலண்டரில் எழுதி, போனிலும் ஒரு மாதம் முந்தியே மணியடிக்க வையுங்கள். டொட் கொம் காலாவதியானதும் தளம் நின்றுவிடும். சில கிழமைகள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கப் பல பதிவாளர்கள் விடுவார்கள். அதற்குப் பின் 30 நாள் மீட்புக் காலம். அப்போது கட்டணம் பல மடங்கு. பின் 5 நாள் கழித்து யாரும் எடுக்கலாம்.

சேர்வர் எங்கே இருக்கிறது

இதைப் பலர் பார்ப்பதே இல்லை. வேகத்தில் பெரிய வித்தியாசம் தருவது இதுதான்.

கண்ணாடி நாரிழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீற்றர் ஓடும். அதாவது 1,000 கிலோமீற்றர் தூரத்துக்குப் போய்வர 10 மில்லிசெக்கன். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீற்றர். நேர்கோட்டில் போனால்கூட 27 மில்லிசெக்கன். கேபிள் வளைந்து போகிறது, இடையில் பல கருவிகள் உண்டு, மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கும் போக வேண்டும். ஆகவே நடைமுறையில் 50 முதல் 70 வரை பார்க்கலாம். ஜேர்மனி என்றால் 150க்கு மேல். அமெரிக்கா என்றால் 250 அளவில்.

கால் செக்கன்தானே என்று நினைக்காதீர்கள். ஒரு பக்கத்தைத் திறக்க போன் சேர்வரோடு ஒருமுறை மட்டும் பேசுவதில்லை. இணைப்பு எடுக்க ஒரு போய்வரவு, பூட்டுப் போட்ட இணைப்பாக்க இன்னொன்றோ இரண்டோ, பக்கத்தைக் கேட்க ஒன்று. நாலு போய்வரவு என்று வைத்தால் அமெரிக்க சேர்வரில் முதல் எழுத்து வரும் முன்பே 1 செக்கன் போய்விட்டது. சிங்கப்பூரில் அது கால் செக்கன். இதற்கு மேல்தான் சேர்வர் யோசிக்கும் நேரமும் படங்கள் வரும் நேரமும். போன் சிக்னல் இரண்டு கோடு காட்டும் இடத்தில் இதெல்லாம் இன்னும் கூடும்.

ஊர் வாசகர் என்றால் சிங்கப்பூர், இந்தியா, அல்லது இலங்கையிலேயே சேர்வர் பாருங்கள். ஐரோப்பிய விருந்தினர் என்றால் ஜேர்மனி, நெதர்லாந்து சரி. நீங்கள் உள்ளே போய்த் திருத்தும்போது கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் வாசகர் உண்டென்றால் சேர்வரைச் சிங்கப்பூரில் வைத்து, முன்னால் ஒரு சிடிஎன் போடுங்கள். சிடிஎன் உங்கள் படங்களின் பிரதியைப் பல நாடுகளில் வைத்து, வாசகருக்குப் பக்கத்தில் உள்ளதிலிருந்து கொடுக்கும். கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டமே தொடக்கத்துக்குப் போதும். அவர்களுக்குக் கொழும்பிலும் ஒரு மையம் இருக்கிறது. அதைப் பயன்படுத்த, டொமைன் எந்த சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் நேம்சேர்வரை அவர்களுடையதாக மாற்ற வேண்டும். இதனால்தான் டொமைன் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று மேலே அவ்வளவு சொன்னது.

வாங்கும்போது சேர்வர் இடம் தெரிவு செய்யும் பெட்டி ஒன்று வரும். பல இடங்களில் அது அமெரிக்காவில் நிற்கும். அவசரத்தில் தாண்டிப் போய்விடாதீர்கள். பிறகு மாற்றுவதென்றால் முழுத் தளத்தையும் இடம் பெயர்க்க வேண்டியிருக்கும். உள்ளூர் நிறுவனத்திடம் வாங்கினாலும் கேளுங்கள். கொழும்பில் அலுவலகம் இருந்தால் சேர்வரும் கொழும்பில் என்று அர்த்தமில்லை. வெளிநாட்டு சேர்வரை மொத்தமாக எடுத்துச் சில்லறையாகக் கொடுப்பவர்கள் பலர். அது தவறல்ல, ஆனால் ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலுக்கு உங்களுக்கென்று தனி லோகின் தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

வகைகளைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். முதல் தளத்துக்கு, ஒரு சேர்வரைப் பலர் பகிரும் ஷெயார்ட் ஹோஸ்டிங் போதும். சேர்வரில் ஒரு பங்கைத் தனியாகப் பிரித்துத் தரும் விபிஎஸ் மலிவாகத் தெரியும். ஆனால் சேர்வரை அப்டேட் பண்ணுவது, காவல் போடுவது, பேக்கப் எடுப்பது எல்லாம் உங்கள் தலையில். லினக்ஸ் கட்டளைகள் தெரிந்த ஆள் கூட இல்லையென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பேக்கேஜ் பக்கத்தை வாசிப்பது

பெரிய எழுத்தில் “அன்லிமிடெட்” என்று இருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பவைதான் நீங்கள் வாங்கும் பொருள்.

இடமும் போக்குவரத்தும் முதலில். கணக்கு எளிது. ஒரு பக்கம் 2 எம்பி, ஒருவர் மூன்று பக்கம் பார்க்கிறார், ஒரு நாளைக்கு 300 பேர் என்றால், நாளுக்கு 1.8 ஜிபி, மாதம் 54 ஜிபி. பெரும்பாலான ஷெயார்ட் பேக்கேஜ்களில் இது அடங்கும். ஆனால் போனில் எடுத்த 4 எம்பி போட்டோவை அப்படியே ஏற்றினால் ஒரு பக்கமே 20 எம்பி ஆகிவிடும். ஹோஸ்டிங் தாங்கினாலும் பார்ப்பவரின் டேட்டா தாங்காது. அகலம் 1,200 பிக்ஸலுக்குக் குறைத்து, வெப்பி என்ற பட வடிவில் சேமித்தால் 150 கேபி அளவில் முடிந்துவிடும்.

அடுத்தது ஐநோட். உங்கள் கணக்கில் எத்தனை கோப்புகள் இருக்கலாம் என்ற எண்ணிக்கை அது. செய்தித் தளம் தொடங்குபவர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வேர்ட்பிரஸில் போனில் எடுத்த பெரிய போட்டோ ஒன்றை ஏற்றினால் அது ஒரு கோப்பாக நிற்பதில்லை. மூலப்படம், சுருக்கிய பெரிய பிரதி, அதன் பின் ஆறு அளவுகளில் சின்னப் பிரதிகள் என்று எட்டுக் கோப்புகள் உருவாகும். தினம் பத்துச் செய்தி, செய்திக்கு மூன்று படம் என்றால் நாளுக்கு 240 கோப்பு, வருடத்துக்கு 87,600. வேர்ட்பிரஸும் அதில் சேர்க்கும் துணைச் செயலிகளான பிளகின்களும் சேர்ந்து ஏற்கனவே பல்லாயிரம் கோப்பு வைத்திருக்கும். வரம்பு 1,00,000 என்று இருக்கும் பேக்கேஜில் முதல் வருடம் முடியும் முன்பே “இடம் இல்லை” என்று வரும், ஜிபி கணக்கில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே. ஏற்றும் முன்பே படத்தைச் சிறிதாக்கினால் பெரிய பிரதிகள் உருவாகாது, கோப்பு எண்ணிக்கையும் குறையும்.

பிறகு சிபியு, ராம், ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகளின் எண்ணிக்கை. வேர்ட்பிரஸுக்கு ராம் 1 ஜிபியாவது இருக்கட்டும். ஒரே நேர வேலை 20 என்று இருப்பது பல இடங்களில் வழக்கம். அது 20 வாசகர் என்று அர்த்தமில்லை. அந்தக் கணத்தில் சேர்வரிடம் பக்கம் கேட்பவர்கள் 20 பேர். கேஷ் போட்ட, அதாவது ஒருமுறை தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்துத் திரும்பக் கொடுக்கும், தளத்துக்கு அது தாராளம். உங்கள் செய்தி ஒன்று வட்ஸ்அப் குழுக்களில் பரவி, கேஷும் இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் 508 என்ற பிழை வரும்.

வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியில் 8.3 அல்லது அதற்கு மேல் தெரிவு செய்ய முடிகிறதா என்று பாருங்கள். 7.4க்கான பாதுகாப்பு ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது; இன்னும் அதையே தரும் இடம் என்றால் அங்கே பராமரிப்பு நடக்கவில்லை. இணைப்புக்குப் பூட்டுப் போடும் எஸ்எஸ்எல் சான்றிதழ் இலவசமாகவும் தானாகப் புதுப்பிக்கப்படுவதாகவும் இருக்க வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே கொடுக்கிறது. சாதாரணத் தளத்துக்கு எஸ்எஸ்எல் என்று தனியாகக் காசு கேட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பேக்கப் பற்றி நாலு கேள்வி: தினமா, கிழமைக்கு ஒருமுறையா? எத்தனை நாள் பழையது வரை வைத்திருக்கிறார்கள்? திரும்பப் போடக் கட்டணம் உண்டா? நானே இறக்கி எடுக்க முடியுமா? நான்காவதற்கு “முடியாது” என்றால் வாங்க வேண்டாம்.

99.9 வீதம் இயங்கும் என்ற உறுதிமொழிக்குப் பொருள் மாதம் 43 நிமிடம் நிற்கலாம் என்பது. 99.5 என்றால் மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல்.

விலை: இரண்டாவது பில்லைப் பாருங்கள்

மாதம் 3 டொலர் என்று பார்த்து உள்ளே போவீர்கள். அது பெரும்பாலும் 48 மாதத்துக்கு ஒரேயடியாகக் கட்டினால் வரும் விலை. அதாவது இன்றைக்கு 144 டொலர். அதன் கீழே “புதுப்பிக்கும்போது மாதம் 11 டொலர்” என்று சின்னதாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அடுத்த நாலு வருடத்துக்கு 528 டொலர். ஒப்பிட வேண்டிய எண் இந்த இரண்டாவதுதான். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் முதல் வருடச் செலவு, இரண்டாம் தவணையில் ஒரு வருடச் செலவு என்று இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள். முதல் பத்தியில் மலிவானது இரண்டாம் பத்தியில் மலிவாக இருப்பது அரிது.

டொலரா ரூபாவா என்பதும் இங்கே பெரிய கேள்வி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. அந்த நேரத்தில் புதுப்பிக்க வேண்டியிருந்தவர்களுக்கு அதே சேவை கிட்டத்தட்ட இரட்டை விலையானது. டொலரில் கட்டினால் அட்டைக்குரிய வங்கி மாற்றுக் கட்டணம், முத்திரை வரி போன்றவையும் சேரும். மொத்தத்தில் திரையில் கண்டதைவிடக் கூடத்தான் பில் வரும். உள்ளூர் நிறுவனங்கள் ரூபாவில் பில் போட்டு வங்கி வைப்பையும் ஏற்பார்கள். நாணய மாற்று ஏறும்போது அவர்களும் விலையைத் திருத்துவார்கள் என்றாலும், அட்டை இல்லாதவருக்கும் பாடசாலை, சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம் போன்று கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்கும் அது வசதி.

வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே வங்கியில் கேளுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை நம்பியிருக்க வேண்டாம். அட்டை மாறியிருக்கும், ஓடிபி கேட்டு நிற்கும், கணக்கில் காசு குறைந்திருக்கும். காலாவதிக்கு ஒரு கிழமை முன் நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள்.

எங்கள் பரிந்துரை: புதிய இடத்தில் முதலில் ஒரு வருடத்துக்கு மட்டும் கட்டுங்கள். நாலு வருடக் கழிவு இழப்பாகத் தெரியும். ஆனால் பிடிக்காத இடத்தில் மூன்று வருடம் மாட்டிக்கொள்வது அதைவிடச் செலவு. பில் போடும் பக்கத்தில் தானாகவே டிக் போட்டு வரும் “பாதுகாப்பு”, “எஸ்இஓ” போன்ற சேர்க்கைகளை எடுத்து விடுங்கள்.

தமிழில் எழுதுபவர் கவனிக்க வேண்டியவை

ஆங்கிலத் தளத்துக்குப் பிரச்சினை தராத மூன்று இடங்கள் தமிழுக்குத் தரும்.

ஒன்று டேட்டாபேஸ். எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் தேவை. பழைய லத்தீன் முறையில் அமைந்த டேட்டாபேஸில் தமிழைப் போட்டால் “????” என்று நிற்கும். ஒருமுறை கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டுவிட்டால் மூல எழுத்து உள்ளே இல்லை. எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. ஆகவே டேட்டாபேஸைப் பார்க்கும் கருவியான பிஎச்பிமைஅட்மினைத் திறந்து, உங்கள் டேட்டாபேஸின் பட்டியலில் கொலேஷன் என்ற பத்தியைப் பாருங்கள். யுடிஎஃப்8எம்பி4 என்று தொடங்க வேண்டும். புது வேர்ட்பிரஸ் இதைத் தானாகச் செய்யும். பழைய தளத்தை இடம் மாற்றும்போதுதான் பிழை வருகிறது.

இரண்டு, பக்க முகவரி. தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக விட்டால் ஒவ்வொரு குறியும் வீதக் குறிகளோடு 9 எழுத்தாக மாறும். மட்டக்களப்பு என்ற பெயரில் புள்ளி, உகரக் குறி எல்லாம் சேர்த்து 12 குறி. முகவரியில் 108 எழுத்து. வேர்ட்பிரஸ் இதற்கு ஒதுக்கும் இடம் 200. எனவே இரண்டு மூன்று சொல்லிலேயே முகவரி வெட்டுப்படும், வட்ஸ்அப்பில் பகிர்ந்தால் நீளமான வீதக் குறி வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு கட்டுரைக்கும் முகவரிப் பகுதியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கொடுங்கள்.

மூன்று, கோப்பின் பெயர். தமிழ்ப் பெயரில் ஏற்றிய படங்கள் சிப் பண்ணி வேறு சேர்வருக்குக் கொண்டு போகும்போது பெயர் சிதைந்து காணாமல் போகலாம். படத்தின் பெயர் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் இருக்கட்டும். பாமினியில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் பழைய செய்திகளையும் யுனிகோடுக்கு மாற்றிவிட்டே ஏற்றுங்கள். பாமினி எழுத்து அந்த எழுத்துரு இல்லாத போனில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும், கூகுளும் தேடிக் கொடுக்காது.

காசு கட்டும் முன்னும், கட்டிய முதல் மாதமும்

இரண்டு அல்லது மூன்று நிறுவனங்களைத் தெரிவு செய்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியை அனுப்புங்கள். சனிக்கிழமை இரவு அனுப்புவது நல்லது. தளம் நிற்பதும் பெரும்பாலும் அப்படியான நேரத்தில்தான் தெரியவரும். “ஐநோட் வரம்பு எத்தனை, பேக்கப் எத்தனை நாள், சேர்வர் எந்த நகரம்” என்று மூன்றும் சேர்த்து. எத்தனை மணித்தியாலத்தில் பதில் வந்தது, மூன்றுக்கும் எண்ணோடு பதில் இருக்கிறதா, அல்லது விலைப் பக்கத்தின் இணைப்பை மட்டும் அனுப்பினார்களா என்று பாருங்கள். காசு கட்டும் முன்பே சரியாகப் பதில் தராதவர் கட்டிய பின் தரமாட்டார்.

பலர் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தருவார்கள். டொமைன் கட்டணம் பொதுவாகத் திரும்பாது. இரண்டையும் பிரித்து வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த 30 நாளையும் சும்மா விடாதீர்கள்:

1. முதல் நாள்: வேர்ட்பிரஸ் நிறுவி, எஸ்எஸ்எல் வேலை செய்கிறதா என்று பாருங்கள். நிர்வாகியின் பயனர் பெயரை அட்மின் என்று வைக்க வேண்டாம்.

2. முதல் கிழமை: உண்மையான பக்கங்கள் ஐந்தைப் படங்களோடு போடுங்கள். வைஃபையை நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவில், காலையிலும் இரவு எட்டு மணிக்கும் திறந்து பாருங்கள். வெளிநாட்டில் உறவினர் இருந்தால் அவரையும் திறக்கச் சொல்லுங்கள்.

3. ஒரு இலவசக் கண்காணிப்புச் சேவையில் முகவரியைக் கொடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, நின்றால் மின்னஞ்சல் அனுப்பும்.

4. இரண்டாம் கிழமை: அப்ட்ராஃப்ட்பிளஸ் போன்ற பிளகினால் கூகுள் டிரைவுக்கு ஒரு பேக்கப் அனுப்பி, ஒரு பக்கத்தை வேண்டுமென்றே அழித்து, பேக்கப்பிலிருந்து திருப்பி எடுங்கள். திரும்ப வராத பேக்கப் பேக்கப் அல்ல.

5. மூன்றாம் கிழமை முடிவில் கண்காணிப்புக் கணக்கைப் பார்த்துத் தொடர்வதா திருப்புவதா என்று முடிவெடுங்கள். 29ஆம் நாள் வரை பொறுக்க வேண்டாம்.

மின்னஞ்சலைப் பற்றி ஒரு வார்த்தை. ஹோஸ்டிங்கோடு இலவசமாக வரும் மின்னஞ்சல் ஸ்பாமில் விழுகிறது என்பதுதான் அதிகம் கேட்கும் முறைப்பாடு. ஒரே சேர்வரில் இருக்கும் இன்னொருவர் குப்பை அனுப்பினால் உங்கள் கடிதமும் சேர்ந்து சந்தேகிக்கப்படும். கடிதம் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைன் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பட்டியலில், போடுங்கள். சிபேனலில் மின்னஞ்சல் பகுதியிலேயே முதல் இரண்டையும் சரிபார்க்கும் பக்கம் உண்டு. விடுதியின் முன்பதிவு அதில் வருகிறதென்றால் மின்னஞ்சலைத் தனிச் சேவையில் வைப்பதே பாதுகாப்பு.

வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி, கடவுச்சீட்டு இலக்கம் எதையாவது படிவத்தில் வாங்குகிறீர்களா? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தேவையில்லாததைக் கேட்காதீர்கள், வேலை முடிந்ததும் அழித்து விடுங்கள்.

நின்றுவிட்டால் எங்கே பார்ப்பது

508 வந்தால் உங்கள் பங்கு சிபியுவோ ஒரே நேர வேலையோ தீர்ந்துவிட்டது. முதலில் கேஷ் பிளகின் போடுங்கள். பிறகு சிபேனலில் வளப் பயன்பாட்டுப் பக்கத்தைத் திறந்து எந்த நேரத்தில் ஏறுகிறது என்று பாருங்கள். நடுச்சாமத்தில் ஏறினால் அது வாசகர் அல்ல. லோகின் பக்கத்தைத் தட்டும் ரோபோக்கள். பெரிய பேக்கேஜ் வாங்குவது கடைசி வழி.

500 என்றால் பெரும்பாலும் நேற்று மாற்றிய ஏதோ ஒன்று. கடைசியாகப் போட்ட பிளகினின் கோப்புறைப் பெயரைக் கோப்பு மேலாளரில் மாற்றினால் அது நின்றுவிடும். தளம் எழுந்தால் காரணம் அதுதான். டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை என்று வந்தால் டேட்டாபேஸின் பெயர், பயனர், கடவுச்சொல் மூன்றையும் வேர்ட்பிரஸின் கொன்ஃபிக் கோப்பில் சரிபாருங்கள். அவை சரியாக இருந்தும் வருகிறதென்றால் கோளாறு சேர்வரில், ஆதரவுக்கு எழுதுங்கள். எழுதும்போது பிழையின் ஸ்க்ரீன்ஷொட், நேரம், கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்ற மூன்றையும் முதல் கடிதத்திலேயே கொடுத்தால் ஒரு நாள் மிச்சமாகும்.

இடம் மாற வேண்டி வந்தால்

புது இடத்தில் முழுத் தளத்தையும் போட்டு, வேலை செய்வதைப் பார்த்த பின்தான் டிஎன்எஸ்ஸைத் தொடுங்கள். அதற்கு ஒரு நாள் முந்தியே பழைய பதிவை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் மதிப்பை 300 செக்கனாகக் குறைத்தால் மாற்றம் சில நிமிடத்தில் பரவும். நேம்சேர்வரையே மாற்றுவதென்றால் 24 முதல் 48 மணித்தியாலம் வரை சிலருக்குப் பழைய தளமும் சிலருக்குப் புதியதும் தெரியும். அந்த நேரத்தில் புதுச் செய்தி போடாதீர்கள், ஓடர் எடுக்காதீர்கள். பழைய ஹோஸ்டிங்கை ஒரு மாதம் கழித்து நிறுத்துங்கள், நிறுத்தும் முன் அதிலுள்ள மின்னஞ்சல்களை இறக்கி எடுங்கள். டொமைனையும் வேறு பதிவாளருக்குக் கொண்டு போவதென்றால், டொட் கொம் போன்றவற்றைப் பதிந்து அல்லது மாற்றி 60 நாள் ஆகும் வரை பொதுவாக விடமாட்டார்கள்.

அறுகம்பே, பாசிக்குடா விடுதிக்காரர்கள் இந்த வேலையைச் சித்திரைக்குப் பின் தொடங்காதீர்கள். அப்போது முன்பதிவு வந்துகொண்டிருக்கும். மாரி மழையில் கடல் கலங்கி, அறைகள் காலியாக இருக்கும் நாட்கள்தான் தோதான காலம். அந்த நாட்களில் மின்சாரம் போய்வரும் என்பதால், கோப்புகளை வீட்டு மடிக்கணினிக்கு இறக்கி மறுபடி ஏற்றாமல், சேர்வரிலிருந்து சேர்வருக்கு நேரடியாக மாற்றித் தரும்படி புது ஹோஸ்டிங் நிறுவனத்திடமே கேளுங்கள். பலர் முதல் தளத்தை இலவசமாக மாற்றித் தருகிறார்கள்.